கரிசலில் கொட்டும் எரிவாயு

பட்டாசு செய்யும் விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டியில் வெடியுப்பு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த உப்பில் உள்ள நைட்ரஜனும், ஊரை ஒட்டிய மக்காச்சோளக் காட்டில் தூவும் யூரியாவின் நைட்ரஜனும் இன்று பெரும்பாலும் ஒரே வழியில் வருபவை. காற்றிலிருந்து நைட்ரஜனையும் எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனையும் பிரித்துச் சேர்த்தால் அம்மோனியா. அதை ஒரு பக்கம் திருப்பினால் உரம், மறுபக்கம் திருப்பினால் வெடி. ஜெர்மனியின் ஓப்பாவில் 1913-ல் உரத்துக்காகத் தொடங்கிய முதல் ஆலை, முதல் உலகப் போர் மூண்டதும் வெடிமருந்துக்குத் திரும்பியதே இதற்குச் சாட்சி.

பட்டாசுப் புகையைப் பற்றி நீதிமன்றம் முதல் தேநீர்க் கடை வரை பேச்சு நடக்கிறது. நம் சோற்றுத் தட்டில் எரியும் எரிவாயுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தெற்கே இருக்கும் தூத்துக்குடி ஸ்பிக் ஆலை பல ஆண்டுகள் நாப்தாவைக் கொண்டு யூரியா செய்தது. ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிறகு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. உள்நாட்டு யூரியா போதாமல் ஓமன், ரஷ்யா என்று கப்பல்களை எதிர்பார்க்கிறோம். உள்நாட்டில் செய்வதற்கான எரிவாயுவிலும் பெரும்பகுதி இறக்குமதி. இத்தனையும் கடந்து வரும் 45 கிலோ மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மிச்சத்தை அரசு சுமக்கிறது. உக்ரைன் போரால் விலை எகிறிய 2022-23-ல் மத்திய அரசின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. போர் நடந்தது எங்கோ; கணக்குத் தீர்த்தது நம் வரிப்பணம்.

மானாவாரிக் கரிசல் இந்த வலைக்குள் வந்த விதம் தனிக்கதை. மழையை நம்ப முடியாததால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. அதே மாதங்களில் ஆலைகளில் தீபாவளி அவசரம். கை எந்தப் பக்கம் போகும்? வாரக்கூலி கிடைக்கும் பக்கம்தான். ஆள் கிடைக்காத காட்டில் டிராக்டர் இறங்கியது, களைக்கொல்லி வந்தது. டிராக்டர் வந்த வீட்டில் காளை எதற்கு? காளை போனது, அதோடு குப்பைமேடும் போனது. குப்பை இல்லாத நிலம் யூரியா கேட்டது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்த இடத்தில், அவற்றைவிட அதிக நைட்ரஜன் தின்னும் மக்காச்சோளம் பரவியது. விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வாங்க ஆள் இருக்கும் பயிரைத்தான் அவர் போடுவார்.

மக்காச்சோளத்தை வாங்குவது பெரும்பாலும் கோழித்தீவன ஆலைகள். தீவனம் நாமக்கல் பண்ணைகளில் முட்டையாகி, லாரியில் ஏறிப் பள்ளிச் சத்துணவுத் தட்டுக்கு வருகிறது. உழவு முதல் முட்டை வரை டீசல், எரிவாயு, மறுபடியும் டீசல். இப்போது மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்துப் பெட்ரோலில் கலக்கவும் செய்கிறோம். எரிவாயு ஊற்றி வளர்த்த பயிரைப் பெட்ரோலுக்கு மாற்று என்று கொண்டாடுவது விசித்திரமான சிக்கனம்தான்.

அதற்காக யூரியாவை நிறுத்து என்று யாராவது சொன்னால் அதைக் கடுமையாக எதிர்ப்போம். 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே உத்தரவில் தடை போட்ட இலங்கை, அந்த ஆண்டு நவம்பரிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்குள் நெல்லும் தேயிலையும் அடிவாங்கிவிட்டன. எரிவாயுவைச் சார்ந்திராத உரத்தை முதலில் நிலத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்; யூரியாவைக் குறைக்கும் பேச்சு அதற்குப் பின்தான்.

அந்த உரம் இங்கேயே இருக்கிறது. அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவது கரிசலின் பழைய வழக்கம். உர ஆலைக்கு மானியம் கொடுக்கும் அரசு, கிடை போடும் கீதாரிக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. ஏக்கர் கணக்கில் கிடைக்கூலியின் ஒரு பகுதியை அரசு ஏற்கட்டும். கண்மாய் வண்டல் எடுக்க அனுமதி இருக்கிறது. ஏற்றி இறக்கும் செலவுதான் சிறு விவசாயிக்கு எட்டவில்லை, அதற்கும் உதவட்டும். உளுந்தும் பாசிப்பயறும் தங்கள் வேரிலேயே நைட்ரஜனைச் சேர்ப்பவை. ஊடுபயிராக அவற்றைப் போடுபவருக்கு விதை இலவசமாகக் கிடைக்கட்டும்.

இவற்றைவிட முக்கியமானது கொள்முதல். கம்புக்கும் சோளத்துக்கும் மத்திய அரசின் ஆதரவு விலை காகிதத்திலாவது உண்டு; குதிரைவாலிக்கு அதுவும் இல்லை. தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் தமிழக அரசு, விருதுநகர் மாவட்டத்தில் கம்பையும் குதிரைவாலியையும் அப்படித் தருவதற்கு என்ன தடை? வெளிமாவட்ட அரிசி லாரி ஏறி வருவதில் ஒரு பங்காவது குறையும். கொள்முதல் விலையையும் கொள்முதல் நிலையங்களையும் தை மாதம் அறுவடை வந்த பிறகு அறிவித்துப் பயனில்லை. ஆவணிக்குள், விதை வாங்கக் கடைக்குப் போகும் முன் விவசாயியின் காதில் அது விழ வேண்டும்.