'எனக்கு வராது' என்று சொல்லாதீர்கள்!



தினமும் காலையில் நமக்கு நாமே ஒரு நல்ல வாசகம் சொல்லிக் கொள்ள வேண்டும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 'அதெல்லாம் சும்மா... வாயால் சொன்னால் மார்க் வந்து விடுமா?' என்று சிரிப்பவர்களும் உண்டு. இதில் யார் சொல்வது சரி? என் கருத்தைச் சொல்கிறேன். படித்து விட்டு, நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு செய்தி. உங்களில் பலர், ஏற்கெனவே தினமும் ஒரு வாசகம் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறீர்கள்! 'எனக்குக் கணக்கு வராது...' 'இங்கிலீஷ் என்றாலே பயம்...' 'நான் ஒரு மக்கு...' வகுப்பறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியங்கள் இவைதான்.

இதை ஒருநாள் சொன்னால் வருத்தம். தினமும் சொன்னால் பழக்கம். பழகி விட்டால், கணக்கு நோட்டைத் திறக்கும் முன்பே கை சோர்ந்து விடும். போட்டுப் பார்க்காத கணக்கு எப்படி வரும்? வராதபோது, 'பார்த்தாயா, அப்போதே சொன்னேனே' என்று மனசு சொல்லும். மறுநாள் நோட்டைத் தொடவே தோன்றாது. எனவே, ஏதோ ஒன்றை எப்படியும் சொல்லத்தான் போகிறோம். அது நல்லதாக இருக்கட்டுமே!

பிரான்ஸ் நாட்டில், எமில் கூவே (1857 - 1926) என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். 'நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் தேறி வருகிறேன்' என்ற பொருள்பட ஒரு வாசகத்தை, காலையிலும், இரவிலும், 20 முறை சொல்லும்படி தன்னிடம் வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். எண்ணிக்கை தவறாமல் இருக்க, 20 முடிச்சு போட்ட கயிறு ஒன்றையும் வைத்துக் கொள்ளச் சொன்னார். 1920களில் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் அவர் பேச்சுதான்.

நம் தமிழ்நாட்டில், டாக்டர் எம்.எஸ்.உதயமூர்த்தி (1928 - 2018), இளைஞர்களிடம் நம்பிக்கையை விதைத்தார். 'உன்னால் முடியும் தம்பி' என்ற வார்த்தையைக் கேட்டாலே, உங்கள் அப்பா, அம்மாவுக்கு அவர் நினைவு வரும். 1988ல் அதே பெயரில் வந்த சினிமாவில், கதாநாயகனுக்கும் உதயமூர்த்தி என்றுதான் பெயர்.

சரி, எதைச் சொன்னாலும் பலன் உண்டா? இல்லை! இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும்.

கனடாவில், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் என்ற பெண் பேராசிரியரும், அவர் குழுவினரும், 2009ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்கள், தன்னையே புகழும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்கள் மனம் இன்னும் வாடிப் போனதாம்! காரணம் புரிகிறதா? 'நான் கெட்டிக்காரன்' என்று வாய் சொல்லும்போது, 'பொய் சொல்லாதே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சண்டைக்கு வருகிறது.

நெதர்லாந்து நாட்டில் நடந்த இன்னோர் ஆய்வு, 2019ல் வெளியானது. அதில் பங்கேற்ற, 212 பேரும், உங்களைப் போல், 9 முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகள். கணக்குத் தேர்வில் பாதி முடிந்ததும், சிலரை, 'இதில் நான் கெட்டிக்காரன்' என்ற பொருளிலும், சிலரை, 'என்னால் முடிந்தவரை முயற்சி செய்வேன்' என்ற பொருளிலும், மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. தனக்குக் கணக்கு வராது என்று நினைத்திருந்த பிள்ளைகளில், முயற்சி வாசகம் சொன்னவர்கள், மீதித் தேர்வை முன்பைவிட நன்றாக எழுதினார்கள். கெட்டிக்காரன் வாசகத்தால் அப்படி ஒரு பலன் இல்லை.

பெருமையைச் சொல்லாதீர்கள், முயற்சியைச் சொல்லுங்கள் என்பதே என் கருத்தும். வள்ளுவரும், முயற்சிக்காகவே, 'ஆள்வினையுடைமை' என்று தனியாக ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறாரே!

கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சைத் தோட்டத்தைப் பாருங்கள். 'காய்க்கும், காய்க்கும்' என்று பந்தலுக்குக் கீழே நின்று சொல்லிக் கொண்டிருந்தால், ஒரு கொத்தாவது காய்க்குமா? கவாத்து செய்ய வேண்டும். உரம் வைக்க வேண்டும். மருந்து அடிக்க வேண்டும். ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் பழம். ஆனால், 'இனி இந்தக் கொடி காய்க்காது' என்று முடிவு கட்டி விட்டவர், கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்கவே மாட்டார். கத்தரியை எடுக்க வைக்கிறதே ஒரு நம்பிக்கை... நம் வாசகத்தின் வேலையும் அவ்வளவுதான். மீதி வேலை நம்முடையது!

முல்லைப் பெரியாறு அணையை நினைத்துப் பாருங்கள். 1887ல் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துப் போனது, மறுபடியும் கட்டினார்கள். 1895ல் அணை முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பக்கம் வந்தது. பென்னிகுவிக்கும், ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும், 'முடியாது' என்று ஊருக்குத் திரும்பியிருந்தால், நம் வயல்களின் கதி என்ன?

உங்களுக்கான வாசகத்தை நீங்களே எழுதுங்கள். மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள்.

* உண்மையாக இருக்கட்டும். 'நான்தான் முதல் மார்க்' என்று வேண்டாம். 'நேற்று புரியாததை இன்று ஒருமுறை கேட்பேன்' என்று சொல்லுங்கள்.

* சிறியதாக இருக்கட்டும். 'இன்று ராத்திரி சாப்பிடும் முன், நான்கு கணக்கு போடுவேன்' - நேரமும், அளவும் இருந்தால், செய்தோமா, இல்லையா என்று உங்களுக்கே தெரிந்து விடும்.

* 'இன்னும்' என்ற சொல்லைச் சேர்த்துக் கொள்ளுங்கள். 'எனக்குப் பின்னம் வராது' என்பதை, 'எனக்குப் பின்னம் இன்னும் வரவில்லை' என்று மாற்றிப் பாருங்கள். கதவு கொஞ்சம் திறந்து கொள்ளும்.

இதற்குக் காசு வேண்டாம். எந்தச் சாமியைக் கும்பிடும் பிள்ளையும் சொல்லலாம். கும்பிடாத பிள்ளையும் சொல்லலாம். பல் தேய்க்கும்போதோ, பஸ்சுக்கு நிற்கும்போதோ சொன்னால் போதும். அம்மா விடியும் முன்பே ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போய் விடுவதால், தம்பியைக் குளிப்பாட்டித் தானே பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கும், அந்த அரை நிமிடம் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாராவது உங்களை அடித்தாலோ, பயமுறுத்தினாலோ, பல நாளாக மனசு சரியில்லை என்றாலோ, அது வாசகம் சொல்லித் தீரும் விஷயம் இல்லை. அது உங்கள் தப்பும் இல்லை. நம்பிக்கையான பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். 1098 என்ற இலவசத் தொலைபேசி எண், உங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகவே இருக்கிறது.

பெற்றோரும் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று தெரியும். 'நான் மக்கு' என்ற வாக்கியத்தை, பிள்ளைகள் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. யாரோ ஒரு பெரியவர் வாயிலிருந்துதான் கற்றுக் கொள்கிறார்கள். அதற்குப் பதிலாக, 'எந்த இடத்தில் புரியவில்லை, காட்டு' என்று கேட்டுப் பாருங்களேன்!

என்ன குட்டீஸ்... நாளைக் காலையில் சொல்லப் போகும் வாசகத்தை, இப்போதே ரப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி விட்டீர்களா?

- ஓய்வு பெற்ற ஆசிரியர், தேனி மாவட்டம்.