குக்ரி இடுப்பிலேயே இருக்கட்டும்

இரவில் விசில் ஊதிக்கொண்டு, கைத்தடியால் தரையைத் தட்டியபடி தெருவில் நடந்துபோகும் கூர்க்காவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் இடுப்பில் தோலுறைக்குள் இருந்த குக்ரி என்ற வளைந்த கத்தியைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. அதை உருவினால் இரத்தம் பார்க்காமல் உறைக்குள் வைக்கமாட்டார். எதிரி கிடைக்காவிட்டால் தன் விரலையே கீறிக்கொள்வார் என்பார்கள்.

அந்தக் கதைதான் இன்று பெரியவர்களின் வாதமாக வளர்ந்து நிற்கிறது. ட்ரோனும் இருட்டில் பார்க்கும் கண்ணாடியும் வந்துவிட்ட காலத்தில், சீருடை அணிந்த படைவீரன் ஒரு முழ நீளக் கத்தியைக் கட்டிக்கொண்டு திரிவது வீண், ஆபத்து, அநாகரிகம் என்கிறார்கள். அணிவகுப்பில் அழகுக்கு இருக்கட்டும், களத்துக்கு வேண்டாம் என்று முடிக்கிறார்கள். 1947க்குப் பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்த பத்து கூர்க்கா ரெஜிமென்ட்களில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிந்தன. இரண்டு படைகளிலும் குக்ரி இன்றுவரை தொடர்கிறது. இத்தனை காலம் அது ஏன் தங்கியது என்று கேட்காமலே அதைக் கழற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

துப்பாக்கி இருக்கும்போது கத்தி எதற்கு என்பது முதல் கேள்வி. சிப்பாயின் நாள் முழுவதும் சுடுவதிலேயே கழிகிறது என்று நினைப்பவர்கள்தான் இப்படிக் கேட்க முடியும். காட்டில் இருக்கும் படைப்பிரிவுக்கு வெட்டுவதே பெரிய வேலை. புதரை வெட்டி வழி எடுக்க வேண்டும். காவல்குழிக்கு முன்னால் பார்வையை மறைக்கும் செடிகொடிகளைக் கழிக்க வேண்டும். மூங்கிலை வெட்டிக் கூரை போட வேண்டும், விறகு பிளக்க வேண்டும், கிடைத்த ஆட்டை உரிக்க வேண்டும். குக்ரியின் வடிவமே இதற்குத்தான். நடுவில் முன்பக்கமாக வளைந்து, நுனியை நோக்கி அகன்று கனப்பதால் வீச்சின் வேகத்தோடு எடையும் சேர்ந்து இறங்குகிறது. நம் ஊர் அரிவாளைக் கையில் பிடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குக்ரியின் உறையில் இன்னும் இரண்டு சிறு துண்டுகள் செருகியிருக்கும். கர்தா என்பது காய் நறுக்கவும் தோல் சீவவும் உதவும் சின்னக் கத்தி. சக்மக் என்பது முனை மழுங்கிய இரும்பு. பெரிய கத்தியின் விளிம்பைத் தீட்டவும் கல்லில் உரசித் தீப்பொறி எழுப்பவும் பயன்படும். கொல்வதற்கு மட்டும் செய்த ஆயுதத்தோடு காய் நறுக்கும் கத்தியையும் சாணை இரும்பையும் யார் சேர்த்துக் கட்டுவார்கள்?

இரத்தக் கதையும் இங்கேயே உடைந்துபோகிறது. நாளுக்குப் பத்து முறை விறகுக்கும் கயிற்றுக்கும் உருவப்படும் கத்தி ஒவ்வொரு முறையும் இரத்தம் கேட்டால், கூர்க்கா வீரனுக்கு விரலே மிஞ்சியிருக்காது.

பயோனெட் போதாதா என்பது அடுத்த கேள்வி. துப்பாக்கி முனையில் மாட்டினால் பயோனெட் ஒரு ஈட்டி. ஓங்கி வெட்ட உதவாது. ஒரு மீட்டருக்கு மேல் நீளும் அந்தக் கருவியைக் குறுகலான பதுங்குகுழிக்குள் திருப்பவும் முடியாது. 1945 மார்ச் 5 அன்று பர்மாவில் ஒரு குன்றைப் பிடிக்கும் சண்டையில், இரண்டாம் கூர்க்கா ரைபிள்ஸைச் சேர்ந்த பானுபக்த குருங் ஜப்பானியரின் குழிகளை ஒவ்வொன்றாகத் தனியாளாக நெருங்கினார். கடைசிப் பதுங்குகுழிக்குப் போனபோது அவரிடம் கையெறி குண்டு தீர்ந்திருந்தது. இரண்டு புகைக் குண்டுகளை உள்ளே வீசினார். வெளியே ஓடிவந்த இருவரைக் குக்ரியால் வீழ்த்தினார். உள்ளே இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவன் மிச்சமிருந்தான். அங்கே குக்ரியை வீசவும் இடமில்லை. கையில் அகப்பட்ட கல்லால் அடித்துத்தான் அவனை முடித்தார். இதற்காக அவருக்கு விக்டோரியா கிராஸ் என்ற வீர விருது கிடைத்தது.

இந்தச் சம்பவத்தின் பாதியை மட்டும் சொல்லிக் குக்ரியை மந்திர ஆயுதமாக்குபவர்களும் இருக்கிறார்கள். நான் முழுவதையும் சொல்கிறேன், கல்லையும் சேர்த்து. குண்டு தீர்ந்த இடத்தில் குக்ரி வந்தது, குக்ரிக்கு இடமில்லாதபோது கல் வந்தது. எல்லா இடத்துக்கும் ஒரே ஆயுதம் போதும் என்ற நினைப்பைத்தான் அந்தப் பதுங்குகுழி பொய்யாக்கியது.

எடை அதிகம் என்கிறார்கள். சாதாரண குக்ரி அரை கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். கோடாரியும் அரிவாளும் சமையல் கத்தியும் செய்யும் வேலையை அது ஒன்றே செய்கிறது. இதற்கு மேல் இதில் வாதிட ஒன்றுமில்லை.

அநாகரிகம் என்ற குற்றச்சாட்டு அப்படிப்பட்டதல்ல. அதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். 2010 ஜூலையில், ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில், பிரிட்டிஷ் கூர்க்கா வீரர் ஒருவர் இறந்த தாலிபான் ஒருவரை அடையாளம் காட்டுவதற்காக அவர் தலையைக் குக்ரியால் வெட்டினார் என்று செய்தி வந்தது. அவரைக் களத்திலிருந்து திருப்பி அனுப்பி விசாரித்தார்கள். அது சரியான நடவடிக்கை. பிணத்தைச் சிதைப்பது போர்ச் சட்டத்துக்கு விரோதம். எதிரியின் உடலுக்கும் மரியாதை உண்டு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதைக் காட்டிக் கத்தியைத் தடை செய்யச் சொல்வது எப்படிப் பொருந்தும்? தேவையில்லாத வேதனையைத் தரும் வகையில் செய்த ஆயுதங்களைத்தான் 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் விலக்குகின்றன. கூரான, சுத்தமான வெட்டுக்கத்தி அந்த வகையில் சேராது. ஒருவனைத் தூரத்திலிருந்து எறிகுண்டால் சிதறடித்தால் அது போர், அருகில் நின்று கத்தியால் கொன்றால் அது காட்டுமிராண்டித்தனம் என்று பிரிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? முகம் தெரியாத தூரத்தில் நடக்கும் கொலை நம் கண்ணை உறுத்துவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு அச்சத்தை நான் மதிக்கிறேன். சுடக்கூடாது என்று இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட எல்லையில் கத்தி இருந்தால் தள்ளுமுள்ளு கொலையில் முடியாதா? இந்தியாவும் சீனாவும் 1996இல் செய்த உடன்பாட்டின்படி, மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து (LAC) 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் சுடக்கூடாது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் ஆணி அடித்த தடிகளும் கற்களும் போதுமாக இருந்தன. இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். ஆயுதத்தைக் குறைத்தால் உயிர் தானாகத் தப்பிவிடும் என்ற நம்பிக்கை அந்தப் பள்ளத்தாக்கிலேயே செத்துவிட்டது. ஆனாலும் ஒன்றை ஏற்கிறேன். எந்தெந்த ஆயுதம் கூடாது என்று இரு தரப்பும் கைச்சாத்திட்ட இடத்தில் கத்தியும் முகாமிலேயே தங்க வேண்டும். பொதுமக்கள் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பணிக்கும் சந்தைக்கும் ரயிலுக்கும் அதே விதி பொருந்தும்.

அதேபோல், எல்லாச் சிப்பாய்களுக்கும் பெரிய கத்தி கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. 1982இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்துக்குப் பிறகு, முதுகில் ரம்பப் பல்லும் பிடிக்குள் தூண்டில் நூலும் வைத்த பெரிய கத்திகளுக்கு உலகெங்கும் மவுசு வந்தது. சொந்தப் பணத்தில் அப்படி ஒன்றை வாங்கி மார்பில் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் வீரனிடம் அதைக் கழற்று என்று அதிகாரி சொன்னால், அதிகாரி பக்கம் நான் நிற்பேன். அந்தக் கத்தியோடு அவன் கை பழகியிருக்காது. நேபாள மலைக் கிராமத்துப் பிள்ளையின் கை அப்படியல்ல. படையில் சேரும் முன்பே அது குக்ரியால் விறகும் தீவனமும் வெட்டியிருக்கும். நாம் ஆயுத பூஜையில் அரிவாளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைக்கும் அதே நாட்களில் அவர்கள் தசைன் கொண்டாடிக் கருவிகளை வணங்குகிறார்கள். அந்தப் பழக்கம் பயிற்சி வகுப்பில் கிடைக்காது.

குக்ரியைக் கழற்றச் சொல்பவர்களும் அதைக் கும்பிடுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவரும் அதில் இரத்தத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அடுத்த முறை இந்த விவாதம் எழும்போது, மழைக்காட்டில் மூன்று வாரம் ரோந்து போய்த் திரும்பிய ஒரு கூர்க்கா வீரரை அழைத்து, கத்தியால் என்னென்ன வெட்டினீர்கள் என்று கேளுங்கள். அவர் மூங்கிலில் இருந்துதான் தொடங்குவார்.