இருமுகிறவரை விட்டுவிட்டு மாஸ்க் போட்டவரை கேலி செய்வதா?

மாலை 6 மணி. கடற்கரையில் இருந்து தாம்பரம் போகும் மின்சார ரெயில். கால் வைக்க இடம் இல்லை.

ஒருவர் "லொக்... லொக்..." என்று இருமுகிறார். வாயை மூடவில்லை. கைக்குட்டையும் இல்லை. பக்கத்தில் நின்றவர் சட்டைப் பையில் இருந்து முகக் கவசத்தை எடுத்து மாட்டுகிறார்.

உடனே ஒரு குரல்: "என்ன சார்! கொரோனா போயி எவ்வளவு நாளாச்சு? இன்னுமா மாஸ்க்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். இருமியவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூடிக்கொண்டவருக்குத்தான் கேலி!

இது நகரில் தினமும் நடக்கும் கூத்து. "போட்டவனுக்கும்தானே வந்துச்சு? அப்புறம் எதுக்கு மாஸ்க்கு?" என்று டீக்கடையிலும் கேட்கிறார்கள். மளிகைக் கடையிலும் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

குழப்பியது யார்?

மக்கள் மீது மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2020-ம் ஆண்டு தொடக்கத்தில், நோய் இல்லாத பொதுமக்களுக்கு முகக் கவசம் தேவை இல்லை என்றது உலக சுகாதார நிறுவனம். அதே ஆண்டு ஜூன் 5-ந் தேதி பேச்சை மாற்றியது. நோய் பரவும் ஊர்களில், விலகி நிற்க முடியாத இடங்களில் துணிக் கவசமாவது அணியுங்கள் என்றது.

தமிழ்நாட்டில் மாஸ்க் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் இருந்தது. 2022-ம் ஆண்டு ஜனவரியில் அதுவே 500 ரூபாய் ஆனது.

"மொதல்ல வேணாம்னாங்க. அப்புறம் போடலேன்னா 500 ரூபாய்னாங்க. எதைத்தான் நம்புறது?" என்று சாமானியன் கேட்டதில் தப்பு இல்லை.

ஆராய்ச்சி சொன்னது என்ன?

டென்மார்க்கில் 2020-ம் ஆண்டு சுமார் 6 ஆயிரம் பேரை வைத்து சோதனை நடந்தது. மாஸ்க் அணியச் சொன்னவர்களில் 100-க்கு 1.8 பேருக்கு நோய் வந்தது. சொல்லாதவர்களில் 2.1 பேருக்கு வந்தது. உறுதியாக முடிவு சொல்ல இந்த வித்தியாசம் போதாது. அணியச் சொன்னவர்களில் பாதிப் பேர் கூட சொன்னபடி முழுமையாக அணியவில்லை என்பதும் சேர்ந்தே வெளிவந்தது.

அடுத்து வங்காளதேசம். 600 கிராமங்கள். 3 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல். பாதிக் கிராமங்களில் இலவசமாக மாஸ்க் கொடுத்து, அணியும்படி எடுத்துச் சொன்னார்கள். மற்ற கிராமங்களில் 100-க்கு 13 பேர் அணிந்தார்கள் என்றால், இங்கே 42 பேர் அணிந்தார்கள்.

பலன்? ஆஸ்பத்திரி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் நோய் 11 சதவீதம் குறைந்தது. 60 வயது தாண்டியவர்களிடம் 35 சதவீதம் குறைந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் அணியாமலே இந்தப் பலன்!

2023-ம் ஆண்டு ஜனவரியில் "காக்ரேன்" அமைப்பு பல சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டது. "மாஸ்க் வேஸ்ட்" என்று உலகம் முழுவதும் பேச்சு கிளம்பியது. மார்ச் மாதம் அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே விளக்கம் கொடுத்தார். "மாஸ்க் பயன்படாது என்று அர்த்தம் இல்லை. கிடைத்த சான்றுகளை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை" என்பதுதான் அந்த விளக்கத்தின் சாரம்.

தாடைக்கு எதற்கு கவசம்?

மாஸ்க் ஒன்றும் தாயத்து அல்ல. குடை மாதிரி. குடை பிடித்தாலும் அடைமழையில் கால் நனையும். அதற்காக யாராவது குடையைத் தூக்கி எறிவார்களா?

ஓட்டைக் குடை பிடித்தால் அது குடையின் குற்றமா? அன்று நகரில் பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில் தொங்கியது. சிலருக்கு ஸ்கூட்டர் கைப்பிடியில் தொங்கியது. போலீசைப் பார்த்ததும் மேலே ஏறியது. தாண்டியதும் கீழே இறங்கியது. கிருமி போலீசுக்குப் பயப்படுமா?

துணி மாஸ்க் தடுப்பது குறைவு. ஆஸ்பத்திரி மாஸ்க் பரவாயில்லை. ஆனால் பக்கவாட்டில் காற்று புகும். "என்-95" மிக நுண்ணிய துகள்களில் 95 சதவீதத்தை வடிகட்டும். அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான். தாடி வைத்தவர்களுக்கு இடைவெளி விழும்.

சிரித்தவர் கதி

மாஸ்க் போட்டவரை கேலி செய்வது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. 1910-ம் ஆண்டு மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் டே, "இது மூச்சுக் காற்றில் பரவுகிறது. எல்லோரும் பஞ்சு வைத்த துணியை முகத்தில் கட்டுங்கள்" என்றார். பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. முகத்தை மூடாமலே நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் அதே நோய்க்குப் பலியானார்!

இன்று பிளேக் பயம் இல்லை. ஆனால் காசநோய் இருக்கிறது. அதுவும் இருமலில் பரவுவதுதான். உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இந்தியா.

என்ன செய்யலாம்?

அபராதம் வேண்டாம். கடற்கரைக் காற்றில் நடப்பவருக்கு மாஸ்க் வேண்டாம். நாள் முழுவதும் வியர்வையில் நின்று வாடிக்கையாளரிடம் பேசும் கடைக்காரரை வற்புறுத்தவும் வேண்டாம்.

ஆனால் சளி, இருமல் இருப்பவர் பஸ், ரெயில் ஏறும்போது அணிய வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அணிய வேண்டும். வீட்டில் முதியவரோ, நோயாளியோ இருந்தால் நெரிசலில் அணிவது நல்லது. பெட்டியின் ஜன்னலைத் திறந்து வைப்பதும் உதவும்.

அந்த ரெயிலில் கேலிக்கு ஆளானவர் கோபப்படவில்லை. "வீட்ல அம்மாவுக்கு 80 வயசு சார். போன வருஷம் நிமோனியாவுல பொழச்சதே பெரிசு" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இருமியவர் மெதுவாகக் கையை எடுத்து வாயில் வைத்தார்.

இதை ரெயில் ஏறும்போதே செய்திருக்கலாமே!