உறுதி என் பெயரில், ஒப்பம் அவருடையது

யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுடையது என்று சொல்லிப் பெருமைப்படாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வெளியிலிருந்து ஆய்வுக்கென வருபவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான், வளவு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது, உறுதி அவள் பெயரில் இருக்கிறது, இதைவிடப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்கிறோம். தமிழையும் சாட்சிக்கு இழுப்பார்கள். இல்லாள் என்றால் வீட்டுக்குரியவள், இல்லான் என்றால் ஒன்றுமில்லாதவன் என்று மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டு வாங்குபவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் ஆண்கள்.

இந்தப் பெருமையில் பாதி பொய். காணி பெண்ணின் பெயரில் இருப்பது உண்மை. அதைக்கொண்டு அவள் எதையாவது செய்யலாம் என்பதுதான் பொய்.

2009க்குப் பிறகு வடமாகாணத்தின் தலைநகரில் காணிதான் பேச்சு. ஏ9 வீதி திறந்தது, 2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம்வரை வந்தது, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வந்தது. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் பழைய நாற்சார் வீடுகள் இடிபட்டு, மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் மாடி அறைகள் எழுந்தன. நல்லூர்க் கோயிலடியில் விடுதிகள். கொக்குவிலில், கோண்டாவிலில் பரப்புக் கணக்கில் விலை பேசுகிறார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர்கூட, "காணியிலை போட்டால் நட்டப்படாது" என்கிறார். விற்கவும் வாங்கவும் ஈடு வைக்கவும் பேசி முடிப்பவர்கள் ஆண்கள். பேசப்படும் காணிகளில் எத்தனையோ பெண்களின் சீதனக் காணிகள். அந்தப் பேச்சு நடக்கும்போது உறுதிக்காரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

இது பழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. தேசவழமை என்று நாம் கொண்டாடும் தொகுப்பு 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுதியது. எழுதியது சரிதானா என்று பார்த்து ஒப்புக்கொண்டவர்கள் 12 முதலியார்கள். அவர்களில் ஒரு பெண்ணும் இல்லை. 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக்கினார்கள். அதே தொகுப்பு, பழைய நாளில் ஆணின் முதுசம் ஆண்மக்களுக்கும் பெண்ணின் சீதனம் பெண்மக்களுக்கும் போனது என்று தொடங்குகிறது. சீதனம் வாங்கிய மகள் பெற்றோரின் மிச்சச் சொத்தைக் கேட்கக்கூடாது, கிடைத்ததோடு திருப்திப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, பெண்ணுக்குக் கொடுத்தோம் என்பதன் மறுபக்கம், பெண்ணோடு கணக்கை முடித்தோம் என்பது.

பிறகு வந்தது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அதன் 6ஆம் பிரிவை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். மணமான பெண் தன் அசையும் சொத்தைத் தன் விருப்பப்படி கையாளலாம். அசையாச் சொத்தென்றால் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆனால் மரணசாதனம் எழுதி வைக்க அவருடைய சம்மதம் தேவையில்லை. வாசித்து முடிந்ததும் வகுப்பில் யாராவது சிரித்துவிடுவார்கள். என் காணியை நான் செத்த பிறகு யாருக்கும் கொடுக்கலாம், உயிரோடிருந்தால் கேட்டுத்தான் கொடுக்கவேண்டும். கணவர் தன் முதுசத்தை விற்க என்னிடம் ஒரு சொல்லும் கேட்கத் தேவையில்லை.

இந்தச் சட்டம் யாரைப் பிடிக்கும் என்பதும் கணவனைப் பொறுத்ததே. யாழ்ப்பாணப் பெண் தேசவழமைக்கு வெளியிலுள்ள ஒருவரை மணந்தால், அந்த மணவாழ்வுக் காலத்தில் இச்சட்டம் அவளைக் கட்டாது. வெளியிலுள்ள ஒருத்தி யாழ்ப்பாணத்தவரை மணந்தால் அவளையும் கட்டும். 1923இல் மணமான பெண்களின் சொத்துரிமைக்கெனத் தனிச் சட்டம் வந்தபோது, தேசவழமைக்கு உட்பட்டவர்களை அது விலக்கி வைத்தது. என்னோடு படித்த கொழும்புச் சிநேகிதி தன் காணியைத் தான் மட்டும் ஒப்பமிட்டு விற்கிறாள். என்னிடம் கலாநிதிப் பட்டம் இருக்கிறது. அவளிடம் வேறு சட்டம் இருக்கிறது.

தாய் எனக்கு நன்கொடையாக எழுதித் தந்த இரண்டு பரப்பில் இரண்டு அறைகள் கட்ட, காணியை ஈடு வைத்துக் கடன் எடுக்கப் போனேன். சம்பளம் என்னுடையது, உறுதி என்னுடையது, கட்டப்போகும் தவணையும் என்னுடையது. நொத்தாரிசு எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, எல்லாம் சரி. அவரை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். என் கணவர் வந்தார், ஒப்பமிட்டார், அரை மணித்தியாலத்தில் அலுவல் முடிந்தது. அவர் நல்லவர், அதனால்தான் முடிந்தது. ஒருவரின் நல்ல குணத்தில் தொங்குவதற்கு உரிமை என்று பெயரில்லை.

கூட்டிக்கொண்டு வர ஆளில்லாதவளை நினைத்துப் பாருங்கள். கணவர் இன்னொருத்தியோடு போய்விட்டார். கணவர் பிரான்சிலிருந்து தொலைபேசி எடுப்பதில்லை. கணவரை 2009 மே மாதத்தில் கடைசியாகக் கண்டவள், இன்றும் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கிறாள். இவர்களுக்கு வழி வைத்திருக்கிறோம் என்கிறது 8ஆம் பிரிவு. கைவிட்டுப் போனவர், இருப்பிடம் தெரியாதவர், 2 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருப்பவர், புத்தி பேதலித்தவர், நியாயமின்றி மறுப்பவர் ஆகியோரின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். மகளின் படிப்புக்காக ஒரு பரப்பை விற்க நினைக்கும் தாய் சட்டத்தரணிக்குக் காசு தேடவேண்டும், தவணைக்குத் தவணை அலையவேண்டும், கணவன் தன்னை விட்டுப் போனதை மன்றிலே நிரூபிக்கவேண்டும். காணாமலாக்கப்பட்டவரின் மனைவிக்கோ இது இன்னும் கொடுமை. உயிரோடு இருக்கிறாரா என்று அரசு அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இல்லாதவரின் சம்மதத்தைக் கேட்டு அவளை அலைக்கழிக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, பெண்ணை ஏமாற்றிக் காணியைப் பறித்துவிடுவார்கள், ஒப்பம் அவளுக்குப் பாதுகாப்பு என்பது. ஏமாறும் ஆண்கள் இல்லையா? குடிக்கும் கடனுக்கும் காணியைத் தொலைத்த ஆண்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனைவியின் ஒப்பம் என்ற பாதுகாப்பை ஏன் யாரும் கேட்கவில்லை?

இரண்டாவது, நல்ல குடும்பத்தில் இது பிரச்சினையே இல்லை என்பது. சட்டம் நல்ல குடும்பத்துக்காக எழுதப்படுவதில்லை.

மூன்றாவதுதான் வலுவானது. எங்கள் நிலத்தை இராணுவம் பிடித்து வைத்திருக்கும்போது எங்கள் வழமைச் சட்டத்திலும் கை வைப்பதா, அது எங்கள் அடையாளம் அல்லவா என்கிறார்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள், இந்தக் கேள்வியின் வலி எனக்குத் தெரியும். ஆனால் 2017இல் கேப்பாப்பிலவில் இராணுவ முகாம் வாசலில் வெயிலிலும் பனியிலும் கிடந்து தம் நிலத்தைக் கேட்டவர்களில் முன்னின்றவர்கள் பெண்கள். நிலத்தை மீட்கப் பெண் வேண்டும், மீட்ட நிலத்தை ஆளக் கணவனின் ஒப்பம் வேண்டும் என்பது என்ன அடையாளம்? இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லோரும் சமம் என்கிறது. 16ஆம் உறுப்புரை, அதற்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்கிறது. கொழும்பு எங்களுக்குச் செய்த அநியாயங்களின் பட்டியலில் இதை மட்டும் எங்கள் தலைவர்கள் சேர்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வீடு பெண்ணுடையது என்ற பெருமையில், கோயில் காணியிலும் பிறர் வளவிலும் தலைமுறையாகக் குடியிருக்க விடப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அவர்களுக்கு ஒப்பம் கேட்க உறுதியே இல்லை. 6ஆம் பிரிவை நீக்கக் கேட்கும் நாங்கள், அவர்களுக்குக் குடிநிலம் கேட்காவிட்டால் எங்கள் கோரிக்கையும் சீதனக்காரிகளின் கோரிக்கையாகவே முடியும்.

சட்டத்தைத் திருத்தும் பேச்சு கொழும்பில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. அதை அடங்கவிடாமல் செய்யவேண்டியவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் 6ஆம் பிரிவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று படலையிலேயே கேளுங்கள். மாணவிகளே, இந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனால் அம்மாவின் உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து வாசியுங்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம், சீவிய உரித்து என்ற சொற்களின் பொருளை நொத்தாரிசின் மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்காதீர்கள். கலியாணம் பேசி வருபவரிடம் சாதகத்துக்கு முன் இந்தச் சட்டத்தைப் பேசுங்கள். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால், போகட்டும். அவருடைய ஒப்பத்துக்கு நீங்கள் அலையவேண்டியிருக்காது.