வேர்ப் பட்டியல் வேதமா?

வடமொழியே மூலம், பாலி அதன் சிதைவு என்று சொல்லிச் சொல்லியே ஒரு பொய்க்கு முடி சூட்டிவிட்டனர். சான்று எங்கே என்றால், பாணினி மரபின் தாதுபாடத்தை உயர்த்திக் காட்டுவர். ஏறத்தாழ 2000 வினைவேர்கள், 10 வகுப்புகள்! "இதற்கு இணை உண்டோ?" என்பர்.

எண்ணிக்கை கண்டு மலைப்பவன் பக்தன். எண்ணிப் பார்ப்பவனே பகுத்தறிவாளன். அமெரிக்க அறிஞர் விட்னி எண்ணிப் பார்த்தார். பட்டியலில் பாதிக்கு மேற்பட்ட வேர்கள் இலக்கியத்தில் எங்கும் ஆளப்படவில்லை எனக் கண்டார். 1885இல், வழக்கில் உள்ள வேர்களைத் தனி நூலாகவே தொகுத்தளித்தார். ஆளில்லா வீட்டுக்கு வாக்காளர் பட்டியலா?

பட்டியலைக் காக்க எழுந்தார் ஜெர்மானிய அறிஞர் பியூலர். 1894இல் அவர் தந்த விடை என்ன? வடமொழி நூல்களில் காணாத வேர்கள் பல, பாலியிலும் பிராகிருதங்களிலும் இன்றைய மக்கள் மொழிகளிலும் உயிரோடு உலவுகின்றன என்பதே! காக்க வந்த வாதமே கோட்டையைக் கவிழ்த்தது காணீர். விட்னி சொன்னது சரியெனில், பட்டியலில் பாதி வெற்றுச் சரக்கு. பியூலர் சொன்னது சரியெனில், அது மக்கள் நாவிலிருந்து திரட்டிய சரக்கு. எவ்வழியிலும் அது தெய்வத்தின் கொடையன்று.

பாலியோ தன் வழக்குக்கேற்பக் கணக்கெடுத்தது. கச்சாயனர் மரபில் வகுப்புகள் 8. வடமொழியின் மூன்று வகுப்புகள் முதல் வகுப்பில் அடங்கின. 'கஹ' என்னும் வேருக்குத் தனி வகுப்பு பிறந்தது. வடமொழியின் 'க்ரு' இங்கே 'கர'. இவையெல்லாம் சிதைவு என்பாரைக் கேட்கிறோம்: 'இங்கே' எனும் பொருளில் வடமொழி 'இஹ' என்கிறது, பாலி 'இத' என்கிறது. தகரம் தேய்ந்து ஹகரமாகும். ஹகரம் தகரமாக வளர்ந்ததுண்டோ? பழைய வடிவைக் காத்தவள் எப்படிப் பிந்திய வடிவின் மகளாவாள்?

பாலி இலக்கணிகளையும் விட்டுவிட வேண்டா. 12ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பகானில் சத்தநீதி இயற்றிய அக்கவம்சர், வடமொழிப் பட்டியலிலிருந்து எடுத்த வேர்கள் பல. பாலி நூல்களில் அவற்றுட் பலவற்றுக்கு ஆட்சியில்லை. புத்தர் மக்கள் மொழியில் பேசினார். அவர் வழிவந்தோரோ புலவர் மொழியின் நிழலைத் தேடினர்!

தோழர்களே, மக்கள் பேசினர். இலக்கணம் பின்னே வந்தது. எவர் எப்பட்டியலை நீட்டினும், நம் மொழியின் பட்டியலே ஆயினும், கேளுங்கள்: "வழக்கில் உண்டா? சான்று எங்கே?"