காகித மகுடம் மட்டும் போதுமா?

பாலர்பள்ளிகளில் அரசரைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு காகித மகுடத்தில் தொடங்குகிறது. மஞ்சள் அட்டையை நீளமாக வெட்டி, மேல்விளிம்பைக் கூர்கூராக நறுக்கி, இரு முனைகளையும் ஒட்டினால் மகுடம் தயார். கத்தரிக்கோலைப் பிடிக்கவும் அளந்து ஒட்டவும் பிஞ்சுக் கைகள் பழகுகின்றன. இது பயனுள்ள நடவடிக்கையே. எனினும், பாடம் அத்துடன் முடிந்துவிட்டால், அரசர் என்றால் தங்கமும் கட்டளையும் மட்டுமே என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் பதிந்துவிடும்.

முதலாவதாக, கூர்முனை மகுடம் ஐரோப்பியக் கதைகளில் வரும் அரசருக்கு உரியது. மலேசியக் குழந்தைகள் அறிய வேண்டிய அரசரோ ரிங்கிட் தாளிலேயே இருக்கிறார். அதில் காணப்படும் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் அணிந்திருப்பது மகுடம் அன்று. துணியை மடித்துக் கட்டும் தெங்கோலோக். ஜொகூரில் சுல்தானுக்கு மகுடம் சூட்டும் மரபு உண்டு. ஆனால், மாமன்னர் அரியணை அமரும் விழாவில் வெள்ளி இழையால் அழகுபடுத்தப்பட்ட கறுப்புத் தெங்கோலோக்கையே அணிகிறார். மலாய்த் திருமணங்களில் மணமகனை 'ஒரு நாள் அரசர்' என்று அழைத்துத் தெங்கோலோக் அணிவிப்பதையும் பல குழந்தைகள் பார்த்திருப்பார்கள். ஆகவே, மகுடம் செய்த கைகள் ஒரு சதுரத் தாளைக் குறுக்காக மடித்துத் தெங்கோலோக்கும் செய்து பார்க்கலாம்.

அடுத்ததாக, ஒருவர் எப்படி மாமன்னர் ஆகிறார் என்பதையும் இதே கைவேலையால் விளக்க முடியும். மலேசியாவின் 13 மாநிலங்களுள் 9 மாநிலங்களில் பரம்பரை ஆட்சியாளர்கள் உள்ளனர். அவர்கள் கூடித் தங்களுள் ஒருவரை 5 ஆண்டுகளுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கின்றனர். 1957ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறையில் உள்ளது. ஒன்பது குழந்தைகள் வட்டமாக அமர்ந்து, ஒரே காகித முடியை முறை வைத்து அணியட்டும். தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை அவர்கள் விளையாட்டாகவே உணர்ந்துகொள்வர்.

சிறு குழந்தைகளுக்கு ஆட்சிமுறை எல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அரசியலமைப்பு அவர்களுக்குப் புரியாமல் இருக்கலாம். நியாயம் நன்றாகவே புரியும். ஒரே பந்துக்காக இருவர் சண்டையிடும்போது, முடி அணிந்த குழந்தையிடம் தீர்ப்புக் கேட்டுப் பாருங்கள். இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னால், மற்றவர்கள் உடனே எதிர்ப்புத் தெரிவிப்பார்கள். சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் செய்த தவறும் இதுவே. தீர விசாரிக்காமல் கோவலனுக்குத் தண்டனை அளித்த அவன், உண்மை அறிந்ததும் அரியணையிலேயே உயிர் துறந்தான். நீதி தவறிய பின் மகுடத்தால் பயன் இல்லை என்பதைத் தமிழ் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாக உணர்த்தும் கதை அரிது.

ஆகவே, தம்பி தங்கையருக்குக் காகித மகுடம் செய்து கொடுப்பவர்கள், அதைத் தலையில் வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. "இதை அணிந்தவர் மக்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும். காகிதம் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். அந்தக் கேள்வி குழந்தையோடு சேர்ந்து வளரும்.