கள ஆய்வின் முன்னுரை ஊருணிக்கரையில் தொடங்கட்டும்

காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களையும் களமாகக் கொண்டு பள்ளி மாணவர் ஒருவர் புவியியல் ஆய்வறிக்கை எழுத அமரும்போது, நகரத்தார் மாளிகைகளும் ஆத்தங்குடித் தளக்கற்களும் முன்னுரையில் முந்திக்கொண்டு வந்து நிற்பது இயல்பே. அவை ஊரின் பெருமையைச் சொல்கின்றனவே தவிர, அந்த ஊரில் எது, எதற்காக அளக்கப்படுகிறது என்பதைச் சொல்வதில்லை.

முன்னுரையின் உயிர் கேள்வியில் இருக்கிறது. அக்கேள்வி அந்த நிலத்திலிருந்தே எழ வேண்டும். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லாத இப்பகுதியில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கிவைக்க, குடிநீருக்கென வெட்டப்பட்ட குளமாகிய ஊருணியையும், வயலுக்குப் பாய்ச்சும் கரைகட்டிய ஏரியாகிய கண்மாயையும் முன்னோர் அமைத்தனர். மழைநீரை அவற்றுக்குக் கொண்டுசேர்க்கும் கால்வாயே வரத்துக்கால். அந்த வரத்துக்காலின் குறுக்கே சாலையும் கட்டடமும் எழுந்தபின் ஊருணிக்கு வரும் நீர் குறைந்துள்ளதா என்பது, ஒரு மாணவர் நடந்து, பார்த்து, அளந்து விடை தேடக்கூடிய கேள்வி.

கேள்வியை அடுத்து வருவது கருதுகோள், அதாவது களத்தில் சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைக்கப்படும் தற்காலிக விடை. வரத்துக்கால் திறந்திருக்கும் ஊருணியில், அது அடைபட்ட ஊருணியைவிட நீர் நெடுநாள் தங்கும் என்று மாணவர் எழுதலாம். ஆனால் வட்டாரத்தில் பரவலாகக் காணப்படும் செம்புரைக்கல் துளைகள் நிறைந்தது என்பதால், நீர் வற்றுவதற்குக் கசிவும் காரணமாகலாம் என்பதையும் அவர் அங்கேயே குறிப்பிட வேண்டும். தன் எதிர்பார்ப்புக்கு மாறான காரணத்தையும் இவ்வாறு முன்கூட்டியே எண்ணிப்பார்க்கும் முன்னுரைதான் ஆய்வுக்கு வலிமை தருகிறது. கருதுகோளைக் களத்துக்குச் செல்லுமுன் எழுதிவிட வேண்டும். அளவுகள் கிடைத்தபின் அவற்றுக்கேற்பத் திருத்தப்படும் கருதுகோள் எதையும் சோதிப்பதில்லை.

இட விவரணையில் கேள்விக்குத் தேவையானது மட்டும் போதும். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தது பெருமைக்குரிய செய்திதான். கட்டட மரபை ஆராய்வோருக்கு அது இன்றியமையாதது, நீர்வரத்தை ஆராய்வோருக்கு அது தேவையில்லை. மாறாக, ஆய்வு நடக்கும் மாதம் கட்டாயம் இடம்பெற வேண்டும், ஏனெனில் மழை ஓய்ந்த ஜனவரியில் நிறைந்து கிடக்கும் ஊருணி ஜூனில் அடிமண் தெரியக் கிடக்கலாம். மாதம் குறிக்கப்படாத நீர்மட்ட அளவை எவராலும் ஒப்பிட முடியாது.

வழிகாட்டும் ஆசிரியர்கள் மாதிரி முன்னுரையைக் கொடுத்துப் படியெடுக்கச் சொல்லும் வழக்கத்தை விடுத்து, மாணவர்களை முதலில் ஓர் ஊருணிக்கரைக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு கேள்வியை அங்கேயே எழுதவைக்க வேண்டும்.